மரம் சாய்ந்தது தொடர்பாக

செபராங் ஜெயாவில் பாலர் பள்ளி நடத்தும் காமாரியா டீச்சர், பள்ளிக்குப் பின்னால் நின்ற அங்சானா மரம் கூரைப் பக்கம் சாய்வதைப் பார்த்து, மரங்களைக் கவனிக்கும் அரசாங்க இலாகாவுக்கு மெயில் அனுப்பினார். ஒரு மாதத்தில் நான்கு மெயில். பதில் இல்லை. அந்தக் கூரைக்குக் கீழேதான் இருபத்தாறு பிள்ளைகள் மத்தியானம் தூங்குகிறார்கள். டீச்சர் ஃபெரி ஏறி, ஜார்ஜ் டவுனில் இருந்த இலாகாவுக்கே போய்விட்டார்.

அதிகாரி சுகுமாரன் மிகுந்த மரியாதையோடு கணினியைத் தட்டினார்.

"உங்க மெயில் ஒன்னும் வரலியே டீச்சர்."

"ஸ்பேம்ல பாருங்க தம்பி."

பார்த்தார். தொப்பை குறைக்கும் மருந்துக்கும் வெளிநாட்டு லாட்டரிப் பரிசுக்கும் நடுவில் நான்கும் இருந்தன.

"இதோ இருக்கே லா!" என்றார் டீச்சர்.

"இருக்கு. ஆனா வரல. ஸ்பேம்ல உள்ளத படிக்க எங்களுக்கு அனுமதி இல்ல."

"ஏன் அங்க போச்சு?"

"'அவசரம்'னு போட்டிருக்கீங்க. 'உடனே வாங்க'ன்னு வேற. இந்த ஆபீசுக்கு வர்ற நெசமான கடிதம் எதுலயும் அப்படி இருக்காது. அதான் மெஷின் சந்தேகப்பட்டிருச்சு."

"சரி, நேர்லயே சொல்றேன். எழுதிக்குங்க."

"போன வருஷத்துல இருந்து நாங்க பேப்பர் இல்லாத ஆபீஸ் டீச்சர்."

கடைசியில் சுகுமாரனே இரக்கப்பட்டு வாசகம் சொல்ல, டீச்சர் அங்கேயே நின்று போனில் தட்டினார்: "மேற்படி தாவரம் தரையை நோக்கிய நகர்வைப் பரிசீலித்து வருவதாகத் தெரியவருகிறது. தங்களுக்கு வசதிப்படும் காலத்தில் ஆவன செய்யப் பணிவுடன் வேண்டுகிறேன்."

மறு நொடியே மெயில் வந்து சேர்ந்தது. சுகுமாரன் முகம் மலர்ந்தது.

"பாத்தீங்களா! அடுத்த மார்ச்ல ஆள் அனுப்புறோம்."

"மார்ச்சா? மரம் அதுவரைக்கும் நிக்குமா?"

"அவசரம்னு நீங்க எங்கயும் எழுதலியே டீச்சர்."

டீச்சருக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. திரும்பி வரும்போது வானம் கறுத்திருந்தது. இனி யாரையும் நம்பிப் பயனில்லை என்று, ஃபெரியில் உட்கார்ந்தபடியே பெற்றோர் எல்லாருக்கும் மெயில் அனுப்பினார்: "மரம் விழும் அபாயம். நாளை பள்ளி இல்லை. பிள்ளைகளை அனுப்ப வேண்டாம்."

விடியற்காலை மழையில் மரம் விழுந்தது. தூங்கும் அறை தரைமட்டம். நல்லவேளை, உள்ளே ஒருவரும் இல்லை.

ஏழரை மணிக்கு இருபத்தாறு பிள்ளைகளும் பையோடு வாசலில் நின்றார்கள்.

"மெயில் அனுப்புனேனே!" என்று டீச்சர் கத்தினார்.

பெற்றோர்கள் போனை எடுத்துப் பார்த்தார்கள். எவர் போனிலும் அது ஸ்பேமுக்குப் போகவில்லை. திறக்கப்படாமல் முதல் வரிசையில் இருந்தது.

"ஓ, ஸ்கூல் மெயிலா?" என்றார் ரூபினியின் அம்மா குணவதி. "அதெல்லாம் யாரு டீச்சர் தொறந்து பாக்குறா?"

இடிந்த கூரையை எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். பிறகு குணவதி மகளைக் காரில் ஏற்றிக்கொண்டு, கண்ணாடியை இறக்கிச் சொன்னார்:

"நாளைக்கு ஸ்கூல் இருக்கா இல்லியான்னு மறக்காம ஒரு மெயில் போட்டுடுங்க டீச்சர்."