கை நனைத்த இடம்

2024 பிப்ரவரி 11, ஞாயிற்றுக்கிழமை பகல் பன்னிரண்டரை மணிக்கு, சென்னை நுங்கம்பாக்கத்தில் ஒரு ஜப்பானிய உணவகத்தின் நீண்ட மர மேடைக்கு முன்னால் பத்து நாற்காலிகள் போட்டிருந்தார்கள். ஒன்பதாவதில் பெரியண்ணனும் பத்தாவதில் அவருடைய மைத்துனர் காத்தானும் உட்கார்ந்திருந்தார்கள். எதையும் சாப்பிடுவதில்லை என்ற முடிவோடு இருவரும் வந்திருந்தார்கள்.

பெரியண்ணனுக்கு வயது அறுபத்தொன்று. கல்வராயன் மலையில் கரியாலூருக்கு மேலே பிறந்தவர். மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையில் கரும்பு வண்டிகளை எடைபோட்டு ஓய்வு பெற்றவர். அவருடைய கடைசி மகள் பெரியநாயகி சென்னையில் நர்ஸ். இந்த உணவகத்தில் வேலை செய்யும் சின்னதுரையைத்தான் கட்டிக்கொள்வேன் என்று பொங்கல் முடிந்த வாரம் போனில் சொல்லிவிட்டாள். பையனும் மலைக்காரன்தான். பெற்றோர் குடகுக் காப்பித் தோட்டத்துக்குப் பிழைக்கப் போய் அங்கேயே தங்கியவர்கள். அதிலெல்லாம் பெரியண்ணனுக்குக் குறை இல்லை. பச்சை மீனை அறுத்து அப்படியே கொடுக்கிற ஓட்டலில் வேலை செய்பவனுக்குப் பெண் கொடுப்பதா என்பதுதான் அவருடைய கேள்வி.

"போட்டோ அனுப்பறேன், பாருப்பா" என்றாள் மகள்.

"போட்டோவப் பார்த்து மாடுகூடப் புடிக்க மாட்டோம்."

"அப்ப நேர்ல போய்ப் பாரு. அவரு அங்க இன்னா வேல செய்றார்னா..."

"ஓட்டல்ல இன்னா வேல செய்வான்? கலெக்டர் வேலயா?" என்று போனை வைத்துவிட்டார்.

மனைவி சாமியம்மாள் விடவில்லை. "போய்ப் பார்த்துட்டு வந்து வேணாம்னு சொல்லு. பார்க்காமயே வேணாம்னா ஒத்துக்க மாட்டேன். தம்பியயும் கூட்டிக்கினு போ. தாய்மாமன் பார்க்கணும்."

உணவகத்தில் ஊழியர் குடும்பத்துக்கு வருஷத்தில் ஒருநாள் இரண்டு இடம் தருவார்கள். அந்த இரண்டைச் சின்னதுரை இவர்களுக்கு ஒதுக்கியிருந்தான்.

மலையில் ஒரு வழக்கம் உண்டு. பெண்ணுக்கோ பிள்ளைக்கோ இடம் பார்க்கப் போனால், மனசுக்குப் பிடிக்கும்வரை அங்கே கை நனைக்கக் கூடாது. ஒரு வாய் சாப்பிட்டால் சம்மதம் என்று பொருள். அதற்குப் பிறகு பேச்சு கிடையாது. ஆகவே பெரியண்ணனின் திட்டம் எளிமையானது. உட்காருவது, பையனைப் பார்ப்பது, சாப்பிடாமல் எழுந்து வருவது.

மேடைக்கு அந்தப் பக்கம் நின்ற ஆள் கறுப்புத் தொப்பியும் கறுப்பு மாஸ்க்கும் போட்டிருந்தான். கண் மட்டும்தான் தெரிந்தது. இவர்களைப் பார்த்து இடுப்பு வரை குனிந்து எழுந்தான்.

"இவன்தான் மாமா" என்றார் காத்தான். "நல்ல ஒசரம்."

"ஒசரமா இருந்தா? பனமரங்கூடத்தான் ஒசரம்."

பரிமாறும் பெண் ஆவி பறக்கும் சின்னத் துண்டுகளை ஆளுக்கொன்று நீட்டினாள். "கை தொடச்சிக்கங்க சார்."

பெரியண்ணன் இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டார். "தொடாத மச்சான். ஈரத் துணி."

"நா கழுத்தத்தான் தொடச்சேன்" என்றார் காத்தான்.

பெரியண்ணன் பெண்ணிடம் திரும்பினார். "இன்னா இருக்குன்னு எழுதின அட்டை எங்கம்மா?" அட்டை வந்தால் ஒவ்வொன்றாகப் பார்த்து எல்லாவற்றையும் வேண்டாம் என்று சொல்லலாம் என்பது அவர் கணக்கு.

"இங்க அட்டையே கிடையாது சார். அவரு என்ன குடுக்கிறாரோ அதுதான் சாப்பாடு. வந்து உக்காந்தா எல்லாத்தையும் அவர் கையில விட்டுடணும்."

"அத விடலாமா வேணாமான்னு பார்க்கத்தான் வந்துருக்கோம்" என்றார் பெரியண்ணன்.

அந்த ஆள் இடது கையில் கொஞ்சம் சோற்றை எடுத்து, இரண்டு விரலால் அமுக்கி, மேலே மெல்லிய மீன் துண்டை வைத்து, ஏதோ கறுப்புச் சாற்றைத் தடவி, பெரியண்ணனுக்கு முன்னால் வைத்தான். வைத்துவிட்டு நின்றான். மற்ற எட்டுப் பேரும் தங்களுடையதை வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்கள். பெரியண்ணன் சுவரைப் பார்த்தார்.

ஒரு நிமிஷம் ஆனது. அந்த ஆள் தட்டை எடுத்துக்கொண்டு போனான். பெரியண்ணன் பெருமூச்சு விட்டார். அவன் புதிதாக ஒன்று செய்து கொண்டுவந்து வைத்தான்.

"ஆறிப்போச்சுன்னா நல்லா இருக்காதுன்னு மாத்திக் குடுக்கிறார் சார்" என்றாள் பெண்.

"அம்மா, இன்னிக்கு நாங்க ரெண்டு பேரும் வெரதம்."

"முன்னாடியே சொல்லக் கூடாதா சார்!" என்று அவள் போய் இங்கிலீஷில் சொன்னாள். அந்த ஆள் மார்பில் கை வைத்துத் தலையசைத்தான். மீன் போனது. கத்தரிக்காய் வந்தது. பூசணி வந்தது. காளான் வந்தது. ஒவ்வொன்றுக்கும் அடியில் அதே சோறு. மற்றவர்களுக்கு ஒன்று வைக்கும் நேரத்தில் இவர்களுக்கு இரண்டு வைத்தான். பட்டினி கிடப்பவர்கள் என்று இரக்கப்பட்டிருக்க வேண்டும்.

மேடையில் உருண்டைகள் வரிசையாகச் சேர்ந்தன. மற்ற எட்டுப் பேரும் இப்போது இவர்களைத்தான் பார்த்தார்கள்.

"மாமா, கண்ணு கட்டுது" என்றார் காத்தான். "காலையில டீ குடிச்சதோட சரி."

"பைய எடு."

காத்தான் மடியில் மஞ்சள் பை இருந்தது. மகளுக்காகச் சாமியம்மாள் கொடுத்தனுப்பிய தேன் பாட்டிலை நர்ஸ் விடுதி வாட்ச்மேனிடம் கொடுத்தாகிவிட்டது. பை காலியாக இருந்தது. அந்த ஆள் திரும்பும் சமயம் பார்த்துப் பெரியண்ணன் ஒவ்வொன்றாக உள்ளே தள்ளினார். காத்தானுடையதும் போயிற்று.

திரும்பிப் பார்த்த ஆளுக்குக் கண் மலர்ந்தது. தட்டு காலி. இன்னும் வேகமாக அமுக்கினான். இவர்கள் இன்னும் வேகமாகத் தள்ளினார்கள். எட்டாவது உருண்டையில் பரிமாறும் பெண் வந்து, "உங்கள மாதிரி ரசிச்சுச் சாப்பிடறவங்களுக்குத்தான் அவர் இப்படிச் செய்வார் சார். ரொம்பச் சந்தோஷமா இருக்கார்" என்றாள்.

"பையன் வாயத் தொறந்து ஒரு வார்த்த பேசலயே, பார்த்தீங்களா?" என்று கிசுகிசுத்தார் காத்தான். "மாமனாருங்கிற மரியாத."

அது பெரியண்ணனும் கவனித்த விஷயம்தான். எடைமேடையில் முப்பது வருஷம் ஆட்களைப் பார்த்தவர். அந்த ஆள் சோற்றை அள்ளும்போது ஒரு பருக்கை கூட கீழே சிந்தவில்லை. அதிகம் எடுத்து உதறவும் இல்லை. ஒவ்வொரு உருண்டையும் தராசில் வைத்த மாதிரி ஒரே அளவு. இதையெல்லாம் கவனிக்கக் கூடாது என்று பெரியண்ணன் தனக்குத் தானே சொல்லிக்கொண்டார்.

அப்போதுதான் அந்த ஆள் தட்டில் வைப்பதை நிறுத்தினான். கறுப்பான கடல்பாசித் தாளில் சோற்றைச் சுருட்டி, மேடையைத் தாண்டிக் கையை நேராகப் பெரியண்ணனிடம் நீட்டினான்.

"இத கையிலதான் வாங்கணும் சார்" என்றாள் பெண். "உடனே சாப்பிடணும்."

பெரியண்ணன் வாங்கவில்லை. அந்த ஆள் கையை மடக்கவில்லை. நீட்டிய கை அப்படியே நின்றது.

1988 ஆவணி மாதம், ஆலையில் வேலை கிடைத்த புதிதில், சாமியம்மாளின் அப்பா அம்மாசி தன் மகன் காத்தானோடு மூன்று மணி நேரம் மலைப்பாதையில் நடந்து வந்து, பெரியண்ணனின் வீட்டு வாசல் பலாமரத்தடியில் உட்கார்ந்தார். யார், எதற்கு என்று சொல்லவில்லை. இடம் பார்க்க வந்தவர்கள் சொல்வதில்லை. தண்ணீர் கூட வேண்டாம் என்றார். வெயில் உச்சிக்கு வந்தது. பெரியண்ணனின் அம்மா சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் ஆக்கித் தட்டில் போட்டு எடுத்துவந்து அவருக்கு எதிரில் நின்றாள். நீட்டிய கையை அவளும் மடக்கவில்லை. அம்மாசி பெரியண்ணனை மேலும் கீழும் பார்த்தார். பக்கத்து வீட்டுப் பழனிகூட வெளுத்த வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்றான். நண்பனுக்கு நல்லது நடக்கும் நாள் என்று அவனுக்கும் தெரிந்திருந்தது. அம்மாசி கடைசியில் அவளிடம் தண்ணீர்ச் செம்பை வாங்கிக் கையை நனைத்தார். அந்தத் தண்ணீர் புழுதியில் விழுந்த சத்தம் பெரியண்ணனுக்கு இப்போதும் காதில் இருக்கிறது. 'உங்க தாத்தா பார்த்த பார்வையிலயே என்ன எடபோட்டுட்டாரு' என்று மகள்களிடம் அவர் நூறு தடவையாவது சொல்லியிருப்பார்.

சோற்றோடு நீட்டிய கையை எத்தனை நேரம்தான் அப்படியே விடுவது?

பெரியண்ணன் வாங்கி வாயில் போட்டார்.

சோறு இளஞ்சூடாக இருந்தது. லேசான புளிப்பு. ஒரு ராத்திரி தண்ணீரில் கிடந்த சாமைச் சோற்றின் புளிப்பு. ஒவ்வொரு பருக்கையும் தனித்தனியாக நாக்கில் நின்று, பிறகு ஒன்றாகக் கரைந்தது. ஆலை வேலைக்காக மலையிலிருந்து இறங்கிய பிறகு அந்தப் புளிப்பு அவருக்கு எங்கேயும் கிடைத்ததில்லை.

"மாமா!" என்றார் காத்தான். "தின்னுட்டீங்களே!"

"நீயும் தின்னு."

அதற்குப் பிறகு விரதம் இல்லை. பூசணி போய் மீன் வந்தது. அதையும் சாப்பிட்டார். கடைசி உருண்டை முடிந்ததும் பெரியண்ணன் எழுந்து நின்று, வேட்டியைச் சரிசெய்துகொண்டு, அந்த ஆளின் இரண்டு கைகளையும் பிடித்தார்.

"தம்பி, எனக்கு ஜாஸ்தி பேசத் தெரியாது. கை நனச்சாச்சு. எம் பொண்ண உங்கிட்டயே குடுக்கறேன். நல்லா வெச்சிக்க."

அவன் மூன்று தடவை குனிந்தான். காத்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மேடையின் மறுகோடியில் யாரோ கை தட்டினார்கள்.

அந்த ஆள் உள்ளே திரும்பி, "சின்னா!" என்று கூப்பிட்டான். சமையற்கட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு, ஒரு மரத் தொட்டியை அணைத்தபடி, வியர்த்து வழிந்த குட்டையான பையன் ஒருவன் வந்தான்.

"வணக்கங்க மாமா" என்றான். "நாந்தாங்க சின்னதுரை. சாப்பாடு புடிச்சிதுங்களா?"

பெரியண்ணன் பிடித்திருந்த கைகளை விடவில்லை. "அப்ப இவரு?"

"இவரு ஒடிசாக்காரரு சார்" என்றாள் பரிமாறும் பெண். "தமிழ் தெரியாது. ரெண்டு குழந்தைங்க இருக்கு."

"நா உள்ள சோறு மட்டுந்தாங்க வடிக்கிறேன்" என்றான் சின்னதுரை. "நாலு வருஷமா. மீனத் தொட இன்னும் உடலைங்க."

"ஊருக்குப் போயி சொல்றேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பெரியண்ணன் படியிறங்கினார்.

கிளாம்பாக்கத்தில் கள்ளக்குறிச்சி பஸ்ஸுக்கு அரை மணி நேரம் இருந்தது. சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து காத்தான் மஞ்சள் பையைத் திறந்தார். உள்ளே பதினாறு உருண்டைகள் ஒன்றாக நசுங்கியிருந்தன. ஒரு பிடி அள்ளி வாயில் போட்டார்.

பெரியண்ணனின் போன் அடித்தது. மகள். எடுக்கவில்லை.

"சோறு அந்தப் பையன் சோறு" என்றார். "ஆனா கை வேற ஆளு கை. நா யார்கிட்ட கை நனச்சேன்? இத வழக்கத்துல எங்கன்னு சேக்கறது?"

"சோறுதான மாமா கணக்கு?"

"ஆளப் பார்த்துல்ல மச்சான் நனைக்கணும்! உங்கப்பா எப்படி உக்காந்தாரு அன்னிக்கு? அசஞ்சாரா? என்ன முழுசா பார்த்து, எடபோட்டு, அப்புறம்தான நனச்சாரு? நா முப்பது வருஷம் எடமேடையில நின்னவன். ஆள் மாத்தித் தின்னுட்டு வந்து உக்காந்துருக்கேன்."

போன் மறுபடி அடித்தது. காத்தானின் கண்களிலிருந்து தண்ணீர் கொட்டியது. உருண்டைகளுக்குள் தடவியிருந்த, கடுகைப் போன்ற பச்சைக் காரப் பசை மூக்கில் ஏறியிருந்தது.

"எதுக்கு மச்சான் அழுவுற? எங்கவலை எனக்கு."

"அழுவல மாமா. காரம்." மூக்கைச் சிந்திவிட்டுக் காத்தான் சொன்னார்: "அன்னிக்குப் பலாமரத்து வூடுன்னுதான் எங்களுக்கு அடையாளம் சொன்னாங்க. மரம் ரெண்டு வூட்டுக்கும் நடுவுல இருந்துச்சு. நாந்தான் இந்தப் பக்கம்னு கையக் காட்டுனேன்."

"அதுக்கு இன்னா இப்ப?"

"சாப்ட்டு முடிச்சு வெத்தல போடறப்பதான் உங்கம்மா உங்க பேரச் சொன்னாங்க. அப்பா பாக்கக் கடிக்காம அப்படியே முழுங்கிட்டாரு."

"ஏன்?"

"நாங்க பார்க்க வந்தது பழனிய, மாமா."

கள்ளக்குறிச்சி பஸ் வந்து நின்றது. போன் மூன்றாவது தடவை அடித்தது. பெரியண்ணன் எடுத்தார்.

கல்யாணம் வைகாசியில் கரியாலூரில் நடந்தது. முதல் பந்தியில் முதல் இலையில் பழனியை உட்காரவைத்துப் பெரியண்ணன் தன் கையாலேயே பரிமாறினார். பழனி மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.