பேக்கிங் லைனுக்கு வந்த எறும்புத்தின்னி

மதிப்பிற்குரிய ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

சுங்குவார்சத்திரம் லேடீஸ் ஹாஸ்டலிலிருந்து மாரிசெல்வி எழுதுவது. நான் நலம். நீங்களும், உங்கள் பத்திரிகையை அச்சடிக்கிறவர்களும் நலமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன். பத்திரிகையின் பெயரை எழுதாததற்கு மன்னிக்கவும். எனக்குக் கிடைத்த பக்கத்தில் மேல்பாதி எண்ணெயில் ஊறிவிட்டது. கீழே விலாசம் மட்டும்தான் தெரிந்தது.

நான் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் பேக்கிங் லைனில் வேலை பார்க்கிறேன். வயது பதினெட்டு முடிந்துவிட்டது. படிப்பு ஒன்பதாவதோடு சரி. நான்கு பேர் பார்த்தால் எனக்குப் பேச்சு வராது. எங்கள் லைனில் ஷிப்ட் தொடங்கும் முன் தினமும் பத்து நிமிடம் மீட்டிங் நடக்கும். அதில் ஒருவர் முன்னால் வந்து ஒரு சேஃப்டி பாயிண்ட் சொல்ல வேண்டும். நாங்கள் நாற்பத்திரண்டு பேர், அதனால் ஒருவருக்கு நாற்பத்திரண்டு நாளுக்கு ஒரு முறைதான் வரும். முதல் முறை வந்தபோது காய்ச்சல் என்று சொல்லி லீவு போட்டேன். இரண்டாவது முறை நிஜமாகவே காய்ச்சல் வந்துவிட்டது. மூன்றாவது முறை லைனில் எனக்குப் பக்கத்தில் நிற்கிற கிளியம்மாள் அக்கா என் முதுகில் கை வைத்துத் தள்ளிவிட்டார். என் கையில் பஸ் ஸ்டாப் டீக்கடையில் போண்டா மடித்துக் கொடுத்த காகிதம் மட்டும் இருந்தது. வேறு வழியில்லாமல் அதைப் படித்தேன். அது உங்கள் எறும்புத்தின்னிப் பக்கம்.

எறும்புத்தின்னிக்குப் பல்லே கிடையாது, சின்னக் கல்லை விழுங்கி வயிற்றுக்குள் வைத்து அரைக்கும், அதன் செதில் நம் நகம் எதனால் ஆனதோ அதனால்தான் ஆனது, ஆபத்து வந்தால் பந்தாகச் சுருண்டுவிடும், சிறுத்தைகூட உருட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும், ஆனால் மனுசனுக்கு அது இன்னும் வசதி, அப்படியே தூக்கிப் பையில் போட்டுக்கொள்கிறான் என்று படித்து முடித்தேன். சூப்பர்வைசர் ஹேமந்த் சார், "இதுல சேஃப்டி எங்கம்மா கீது?" என்றார். கிளியம்மாள் அக்கா, "இன்னா சார், அது பொறக்கும்போதே ஹெல்மெட் போட்டுக்கினு பொறந்துகீது, இதைவிட இன்னா சேஃப்டி?" என்றார். லைனே சிரித்தது. ஹேமந்த் சார் ரிஜிஸ்டரில் "ஹெல்மெட் அணிதல்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அன்றோடு முடிந்திருந்தால் இந்தக் கடிதம் இல்லை ஐயா. மறுநாள் முறை வந்தவர், "எனக்குப் பதிலா மாரிசெல்வி சொல்லட்டும்" என்றார். அதற்கு மறுநாளும் அப்படியே. நாற்பத்திரண்டு நாளுக்கு ஒரு முறை வந்தது தினமும் வர ஆரம்பித்தது. டீக்கடையில் உங்கள் பழைய இதழ் ஒரு கட்டு கிடந்தது. பக்கம் வேண்டும் என்பதற்காகத் தினமும் போண்டா தின்றேன். கானமயிலுக்குப் பக்கவாட்டில் நன்றாகக் கண் தெரியும், நேர் முன்னால் சரியாகத் தெரியாது, அதனால் கரண்டுக் கம்பியில் மோதிச் சாகிறது, நாட்டில் இருநூறுகூட மிச்சமில்லை என்று வருத்தமாகத்தான் படித்தேன். அதற்கு முந்தின வாரம் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற வசந்தகுமார் அண்ணன் தூணில் இடித்திருந்தார். இப்போது கேட்டில் செக்யூரிட்டிகூட "வா கானமயிலு" என்கிறாராம். அண்ணன் என்னோடு பேசுவதில்லை. நானும் யாரோடும் பேசுவதில்லை என்பதால் இது அவருக்கு மட்டும்தான் தெரியும்.

பிறகு ஊதாத் தவளை. மேற்குத் தொடர்ச்சி மலையில் மண்ணுக்கடியிலேயே கிடந்து வருஷத்தில் கொஞ்ச நாள் மட்டும் மேலே வருமே, அதுதான். கிளியம்மாள் அக்கா, "அப்போ நம்ம சங்கரநாராயணன் சார்னு சொல்லு. ஆடிட் வந்தாதான் ரூமை வுட்டு வெளிய வர்றாரு" என்றார். பிளாண்ட் ஹெட் சங்கரநாராயணன் சார் அக்காவுக்குப் பின்னால்தான் நின்றிருந்தார். அவர் கோபப்படவில்லை. "அந்தத் தவளை எதுக்கும்மா வெளியே வருது?" என்று கேட்டார். "இனப்பெருக்கத்துக்காக" என்று நீங்கள் அச்சடித்திருந்தீர்கள். என் வாயில் அது வரவில்லை. காகிதத்தை அவர் கையில் கொடுத்துவிட்டேன். அவர் சத்தமாகப் படித்துவிட்டார் ஐயா. அதன் பிறகு லைன் ஸ்டார்ட் ஆக எட்டு நிமிடம் லேட்.

இப்போது வருகிற திங்கட்கிழமை ஆடிட். மொத்த பிளாண்டும் முன்னூறு பேர் நிற்க, மைக்கில் இந்தப் பெண்ணே பேசட்டும் என்று சங்கரநாராயணன் சார் சொல்லிவிட்டார். டீக்கடைப் பழைய இதழ்க் கட்டில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு பக்கம், அதுவும் தேவாங்கு. அதை மட்டும் என்னால் படிக்க முடியாது. பள்ளிக்கூடத்தில் என் பெயரே அதுதான். கண் பெரிசு, கைகால் குச்சி. பாடம் வாசிக்க எழுந்தாலே பின்பெஞ்சிலிருந்து "தேவாங்கு எந்திருச்சிட்டு டோய்" என்று சத்தம் வரும். ஒன்பதாவதோடு நின்றதுக்கு வீட்டில் வேற காரணம் சொல்லியிருக்கேன்.

ஆகவே தாங்கள் தயவுசெய்து, எங்கள் பக்கங்களை அனுமதியில்லாமல் எந்தக் கம்பெனியிலும் வாசிக்கக் கூடாது என்று ஒரு வரி எழுதி, சீல் வைத்து, திங்கட்கிழமைக்குள் கிடைக்கும்படி அனுப்பினால் உங்கள் பத்திரிகை எங்கும் போண்டாக் கடைக்குப் போகாமல் எல்லா வீட்டிலும் பத்திரமாக இருக்க மனதார வாழ்த்துவேன்.

இப்படிக்கு, பணிவுடன்,
மாரிசெல்வி

பி.கு: போஸ்ட் ஆபீஸ் திறந்திருக்கும் நேரம் பூராவும் நான் ஷிப்டில் இருக்கிறதால் இதை இத்தனை நாள் போட முடியவில்லை. திங்கட்கிழமை முடிந்துவிட்டது. தேவாங்கைத்தான் படித்தேன். கண் பெரிசு என்று படித்தேன், கைகால் குச்சி என்று படித்தேன், யாரும் சிரிக்கல. அது தன்னோட மூத்திரத்திலயே கையும் காலும் கழுவும்னு படிச்சப்பதான் முன்னூறு பேரும் சிரிச்சாங்க, அது தேவாங்கைப் பார்த்து. ஹேமந்த் சார் "கை கழுவுதல்" என்று ரிஜிஸ்டரில் எழுதிவிட்டார். வசந்தகுமார் அண்ணன், "என்னைய கானமயிலுன்றதை வுட்டு அந்தத் தேவாங்குக்குப் பேர் வையுங்கடா" என்றார். அதனால் சீல் வைத்த கடிதம் வேண்டாம் ஐயா. கரூர், திண்டுக்கல் பக்கம் அதுக்குன்னே ஒரு சரணாலயம் இருக்கு என்பதோடு பக்கம் கிழிந்துபோச்சு. மீதியை உடனே அனுப்பவும். கடையில் கேட்டேன், அதில் யாருக்கோ பஜ்ஜி மடித்துவிட்டாராம். மீதியை வெள்ளிக்கிழமை மீட்டிங்கில் சொல்கிறேன் என்று நானே கை தூக்கிவிட்டேன்.