குப்பைக்குச் சட்டை மாட்டிய விவரம்

பேரும் பதவியும் குறைவில்லாமல் பெற்றிருக்கும் என் அக்கா மகன் மாப்பிள்ளைக்கு, உன் தாய்மாமன் கிடங்கு வாசல் பெஞ்சில் உட்கார்ந்து, முழங்காலில் அட்டையை வைத்துக்கொண்டு எழுதுவது. நீ சுகமாக இருப்பாய் என்று வைத்துக்கொள்கிறேன். இல்லாவிட்டால் இதைப் படித்து முடித்த பிறகு மொத்தமாகச் சேர்த்துச் சொல். நான் சுகம். என் உடம்பு இரும்பு, அது உனக்கே தெரியும். எழுத்து கொஞ்சம் கோணலாக இருந்தால் அதற்குக் காரணம் இந்தப் பெஞ்சுக்கு ஒரு கால் குட்டை. எனக்குக் கை நடுங்குகிறது என்று டிரைவர் வந்து சொன்னால் நம்பாதே.

முதலில் ஒன்று, பதறாதே. உட்கார்ந்து படி. இப்போது மணி நாலு இருபது. உன் ஆபீஸ் ஜீப் சரியாக அஞ்சு மணிக்குத் தலைமை அலுவலகத்துக்குக் கிளம்புகிறது, டிரைவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். போனில் சொல்லலாம்தான். ஆனால் நீ என் போனை எடுப்பதில்லை. வேலை மும்முரம் என்று புரிகிறது. காலையிலிருந்து பதினேழு தடவை புரிந்தது. எனக்கு எதிரே இருக்கிற அறையில், சாத்திய கதவுக்குப் பின்னால், மூன்று பேர் இருக்கிறார்கள். அரசாங்கத் தணிக்கை அம்மா, முதலாளிகள் சங்கச் செயலாளர், கிடங்கில் கவர் பிரிக்கிற பெண்களுக்குத் தலைவியான நம் தராசம்மா. அவர்கள் வெளியே வரும்போது உன் திட்டம் ஒன்று இருக்கும், அல்லது இருக்காது. நடுவில் உனக்கு ஒரு போன் வரலாம். வந்தால் நீ "ஆமாம்" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். எதற்கு ஆமாம் என்பதைப் பொறுமையாகக் கேள்.

உனக்குத் தெரிந்த கதைதான், ஆனாலும் முதலில் இருந்து சொன்னால்தான் எனக்குக் கோர்வையாக வரும். ஏழு கம்பெனி முதலாளிகளையும் அரசாங்கத்தையும் ஒரே மேஜையில் உட்காரவைத்து நீ ஓர் ஒப்பந்தம் போட்டாய். ஊருக்குள் விடுகிற கவர்களையும் பாக்கெட்டுகளையும் கம்பெனிகளே திரும்ப எடுத்து உருக்கிக்கொள்ள வேண்டும், பெட்டிக்குள் பெட்டி கவருக்குள் கவர் என்று சுற்றுவதைக் குறைக்க வேண்டும், கிடங்கும் வண்டியும் அரசாங்கம் தரும். ஆறு மாதச் சோதனை. இருபது டன் சேர வேண்டும். இன்றைக்கு எடை போட்டு இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டால் திட்டம் அஞ்சு வருஷத்துக்கு நிற்கும், தராசம்மாவுக்கும் அவருடைய பதினாலு பெண்களுக்கும் வேலை நிரந்தரம். ஒரு தரப்பு பேனாவை மூடிவிட்டாலும் போச்சு. அவர்கள் பழையபடி கோணியைத் தோளில் போட்டுக்கொண்டு தெருத் தெருவாகக் கிளற வேண்டும், நீ பழையபடி மூன்றாம் மாடி மூலையில் ஃபைலுக்குத் தூசி தட்ட வேண்டும். எவ்வளவு சேர்ந்தது தெரியுமா? இருபது டன்னுக்கு மேல் நூற்றைம்பது கிலோ! என் நிர்வாகம் அப்படி. நான் வந்து நின்றதுமே கவரெல்லாம் தானாகப் பிரிந்து தானாகக் குவியலில் போய் உட்கார்ந்துகொண்டது என்றே சொல்லலாம். தராசம்மாவும் கொஞ்சம் உதவினார்.

இங்கேதான் என் தொழில் குறுக்கே வந்தது மாப்பிள்ளை. பீங்கான் கோப்பைக் கம்பெனியில் இருபத்தாறு வருஷம் பேக்கிங் பார்த்தவன் நான். நான் கட்டின பெட்டி கப்பலிலிருந்து கடலில் விழுந்து, மூன்று மாதம் மிதந்து, வேறொரு தேசத்தில் கரை ஒதுங்கி, திறந்து பார்த்தால் ஒரு கோப்பையில்கூடக் கீறல் இல்லை, அந்த ஊர் துறைமுக அதிகாரி அதிலேயே காபி ஊற்றிக் குடித்தார். அப்பேர்ப்பட்ட கை. அந்தக் கைக்கு முன்னால் இருநூறு கட்டு அம்மணமாக நின்றால் மனசு கேட்குமா? பிரஸ்ஸில் வைத்து அமுக்கிக் கம்பி போட்டுக் கட்டியிருந்தார்கள், அவ்வளவுதான். ஓரமெல்லாம் பிசிறு, பக்கமெல்லாம் ஷாம்பு பாக்கெட் நாக்கை நீட்டிக்கொண்டு நிற்கிறது. தணிக்கைக்கு வருகிறவர்கள் பார்த்தால் உன் மானம் என்ன ஆகும்? ஏழு கம்பெனியில் ஒன்று பிளாஸ்டிக் சுருள் தயாரிக்கிற கம்பெனி அல்லவா, நேராக அங்கே போனேன். "ஒப்பந்தக் கிடங்கிலிருந்து வருகிறேன், ஒத்துழைப்பு தேவை" என்றேன். வண்டி நிறைய புதுச் சுருளும், அட்டையும், மூலைக்காப்பும், நாடாவும் ஏற்றிவிட்டு, வாசல் வரை வந்து கும்பிட்டு அனுப்பினார்கள். பன்னிரண்டு நாள், தனி ஆளாக, இருநூறு கட்டுக்கும் முதலில் சுருள், அதன்மேல் அட்டை, மூலைக்கு மூலை காப்பு, அதன்மேல் மறுபடி சுருள், குறுக்கே நெடுக்கே நாடா. ஒவ்வொன்றும் பளபளவென்று அல்வாத் துண்டு மாதிரி நின்றது.

தராசம்மா இடுப்பில் கைவைத்துக்கொண்டு பார்த்தார். எதையும் கையால் தூக்கியே எடை சொல்லிவிடுவார், அதனால்தான் அந்தப் பேர். ஆனால் நாக்கு மட்டும் எடை பார்த்து வராது.

"ஏண்ணே, குப்பைக்கு எதுக்குச் சட்டை?"

"உனக்குத் தெரியாதும்மா, இதுக்குப் பேரு ஃபினிஷிங்."

"நாங்க ஆறு மாசமா சட்டையக் கழட்டிக்கிட்டு இருக்கோம், நீங்க மாட்டிக்கிட்டு இருக்கீங்க. சுவத்துல ஏதோ போர்டு வெச்சிருக்காங்களே, அதையாவது படிச்சீங்களா?"

அந்தப் போர்டைப் படிக்க முடியவில்லை. தூசி படக்கூடாது என்று முதல் நாளே அதற்கும் நாலு சுற்று சுற்றிவிட்டேன்.

இன்றைக்குக் காலை பதினொரு மணிக்கு வந்தார்கள். செயலாளர் டை கட்டி, சென்ட் போட்டு, உள்ளே நுழைந்ததும் "பிரமாதம்! எக்ஸ்போர்ட் குவாலிட்டி!" என்று என் தோளில் தட்டினார். தணிக்கை அம்மா கைப்பையிலிருந்து சின்னக் கத்தரிக்கோல் ஒன்றை எடுத்தார்.

"இது என்ன?"

"கட்டுங்க மேடம்."

"கட்டு எங்க?"

"உள்ள இருக்குதுங்க."

வெட்ட ஆரம்பித்தார். சுருள் ஒன்று, இரண்டு, ஆறு. அட்டை. மறுபடி சுருள். என் வேலை அல்லவா, லேசில் விட்டுக்கொடுக்குமா? கத்தரிக்கோல் இரண்டு தடவை மாட்டிக்கொண்டது. பிரஸ்ஸை நிறுத்திவிட்டார்கள், பதினாலு பெண்களும் கையுறையோடு வரிசையாக நின்று பார்க்கிறார்கள், சரக் சரக் என்று வெட்டுகிற சத்தம் மட்டும்தான். எனக்குக் காதுக்குள் வேர்த்தது.

"இந்த மூலைக்காப்பு எதுக்கு?"

"மூலை நசுங்காம இருக்க மேடம்."

"ஏற்கெனவே நசுக்கின ஷாம்பு பாக்கெட்டுக்கு மூலை நசுங்கினா என்ன ஆகும்?"

இருபத்தாறு வருஷ அனுபவத்தில் இந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. பதில் யோசித்துக்கொண்டிருந்தபோது அந்த அம்மா சுவர்ப் பக்கம் நடந்து, போர்டின் சுருளையும் வெட்டி, உள்ளே இருந்ததைச் சத்தமாகப் படித்தார். 'இக்கிடங்கில் இரு தரப்பில் எவர் புதிய உறையைப் பயன்படுத்தினாலும், அதன் எடை இரட்டிப்பாகக் கழிக்கப்படும்.' நீ எழுதியதுதான். நல்ல எழுத்து, குண்டு குண்டாக.

அவிழ்த்த சட்டையைத் தராசில் வைக்கப் போனார்கள். "ஒண்ணரைக் கிலோ" என்று தராசம்மா கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். முள்ளும் அதையே சொன்னது. ஒரு கட்டுக்கு ஒன்றரை என்றால் இருநூறுக்கு முந்நூறு கிலோ. இரட்டிப்பாகக் கழித்தால் அறுநூறு. கூடுதலாக இருந்த நூற்றைம்பது போய், இருபது டன்னுக்கு நானூற்றைம்பது கிலோ குறை. செயலாளருக்கு மூஞ்சி மாறிவிட்டது. காலையில் என் தோளில் தட்டின கையைத் தன் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார். வரிசையில் கடைசியில் நின்ற பெண் கையுறையைக் கழற்றி மடித்து இடுப்பில் செருகினாள். அந்த ஒன்றைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை மாப்பிள்ளை.

"இப்படிச் சுத்தச் சொன்னது யாரு?" என்றார் தணிக்கை அம்மா.

நான் சிங்கம்தான். ஆனால் சிங்கத்துக்கும் சில நேரம் தொண்டை கட்டும். "மேலிடத்து உத்தரவுங்க" என்று வாயில் வந்துவிட்டது.

"எந்த மேலிடம்?"

"எங்க மாப்பிள்ளைதான்."

உன் பேரைக் கேட்டு எழுதிக்கொண்டார். கீழே இரண்டு கோடும் போட்டார். இதற்குத்தான் அந்த "ஆமாம்". நீ பெரிய ஆபீசர், நீ சொன்னதாக இருந்தால் ஏதோ காரணம் இருக்கும் என்று விட்டுவிடுவார்கள், நான் சொன்னதாக இருந்தால் விடுவார்களா? என் கணக்கு அது.

ஆனால் அதற்கப்புறம் விஷயம் வேறு பக்கம் திரும்பிவிட்டது. செயலாளர் குரலை உயர்த்தினார். "பார்த்தீங்களா, ஆபீசரோட மாமா, ஆபீசரோட உத்தரவு. அப்ப இது அரசாங்கத் தரப்பு செஞ்ச தப்பு. எங்க எடையில ஏன் கழிக்கணும்? நாங்க கையெழுத்துப் போட மாட்டோம்."

"சுருள் குடுத்தது உங்க கம்பெனி. அப்ப இவர் உங்க ஆள். நான் எப்படிக் கையெழுத்துப் போடுறது?"

"உங்க ஆளுங்க மேடம்!"

"இல்ல, உங்க ஆள்."

இரண்டு பெரிய தரப்பும் என்னைத் தூக்கித் தூக்கி எதிர்ப்பக்கம் போட்டார்கள். என் மதிப்பு எங்கே போய் நிற்கிறது பார். கடைசியில் அந்த அம்மா என்னைப் பார்த்து, "உங்க நியமன உத்தரவக் காட்டுங்க, எந்தத் தரப்பு முத்திரைன்னு பார்த்துடலாம்" என்றார். வீட்டில் பீரோவில் பத்திரமாக இருக்கிறது என்று சொல்லியிருக்கிறேன். சாட்சிக்குத் தராசம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்கள். இரண்டு மணிநேரம் ஆகிறது. செயலாளர் குரல் மட்டும் கேட்கிறது. ஒரு தடவை மேஜையில் எதையோ ஓங்கி வைத்த சத்தம். பேனாவாக இருக்காது, கனமாகக் கேட்டது. பெண்கள் யாரும் சாப்பிடவில்லை. ஒருத்தி வந்து, "அண்ணே, நாளைக்கு வரணுமா வேண்டாமா, அது மட்டும் கேட்டுச் சொல்றீங்களா?" என்றாள். "தாராளமா வாங்க, நான் இருக்கேன்ல" என்றேன். "நீங்க இருக்கீங்கன்னுதானே கேக்கிறோம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

மணி நாலு நாற்பத்தெட்டு. டிரைவர் ஜீப்பைக் கிளப்பி வைத்துக்கொண்டு, "பெரியவரே, கடிதமா, கதைப் புஸ்தகமா?" என்று கத்துகிறார். ஆகவே முடித்துக்கொள்கிறேன். போன் வந்தால் ஆமாம். பயப்படாதே, பின்னால் நான் மலைபோல் நிற்கிறேன். நீ மேலும் மேலும் உயர்ந்து, ஏறின படி ஒன்றிலும் கால் இடறாமல், வீடு நிறைந்து வாழ மனசார ஆசீர்வதிக்கிறேன்.

இப்படிக்கு,
உன் தாய்மாமன்,
கிடங்குத் தலைமைப் பொறுப்பாளர்.

பின்குறிப்பு: டிரைவரைக் கெஞ்சி ஜீப்பை நிறுத்திவைத்து எழுதுகிறேன். மேலே எழுதியது எதையும் நம்பாதே. யார் கேட்டாலும் "ஆமாம்" சொல்லிவிடாதே. கடிதத்தை மடிக்கும்போது கதவு திறந்து என்னைக் கூப்பிட்டார்கள். உள்ளே தணிக்கை அம்மா கையில் போன், உன் நம்பரைப் பாதி அழுத்தியிருந்தார். அந்த நேரத்தில் தராசம்மா வாயைத் திறந்தார். "ஃபோனெல்லாம் எதுக்குங்க? இவரு யாரோட ஆளும் இல்ல. வருவாரு, நிப்பாரு, பேசுவாரு, போவாரு. உத்தரவும் கிடையாது, ஒண்ணும் கிடையாது." சொல்லிவிட்டு என்னையே பார்த்தார். கேலி இல்லை மாப்பிள்ளை, எடை போடுகிற பார்வை. நானும் யோசித்தேன். மூன்று மாதத்துக்கு முன்னால் நீ சொன்னது, "அந்தப் பக்கம் போனா ஒரு எட்டுப் பார்த்துட்டு வாங்க மாமா" என்பது மட்டும்தானே. மீதியை நானே போட்டுக்கொண்டேன். போர்டில் இருப்பதோ 'இரு தரப்பில் எவர்' என்று. எந்தத் தரப்பிலும் இல்லாதவன் சுற்றினால் அது தெருவில் வந்து விழுந்த குப்பை, கழிக்க முடியாது, கூட்டவும் முடியாது. "ஆமாங்க" என்றேன். காகிதம் நீட்டினார்கள். 'நான் இக்கிடங்கில் எந்தப் பொறுப்பிலும் இருந்ததில்லை. வேடிக்கை பார்க்க வந்தவன். யாரும் சொல்லாமல் நானாகச் சுற்றினேன். மேலிடம் என்று சொன்னது பொய்' என்று என் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதற்குக் கீழே அரசாங்கமும் முதலாளிகளும் சேர்ந்து கையெழுத்துப் போட்டார்கள். ஆறு மாதத்தில் அவர்கள் இரண்டு பேரும் தகராறில்லாமல் ஒத்துப்போன முதல் விஷயம் நான்தான். அப்புறம் அதே பேனாவால் உன் ஒப்பந்தத்திலும் போட்டுவிட்டார்கள். பெண்கள் நாளைக்கு வருகிறார்கள், இருநூறு சட்டையையும் அவிழ்க்க வேண்டும். எனக்கு மட்டும் இனிமேல் கேட்டுக்கு வெளியேதான் இடம்.

யாருடைய ஆளும் இல்லை என்று இரண்டு தரப்பும் முத்திரை குத்தி ஒப்புக்கொண்ட ஆள் இந்த உலகத்தில் வேறு யாராவது உண்டா, நீயே சொல். ஆனால் உன் அம்மா கேட்டால் மட்டும், மாமா இன்னும் பொறுப்பில்தான் இருக்கிறார் என்று சொல்லி வை.