பேரோ ஹைட்ஸின் பச்சையைக் காப்பாற்றியவர்கள்

நாற்காலியை விட்டு எழாமலேயே ஒரு புல்வெளியைக் காப்பாற்றிய மாவீரர்கள், பார்படோஸ் தீவில் பேரோ ஹைட்ஸ் குடியிருப்போரைத் தவிர வேறு யாருமில்லை. அவர்களுடைய சங்கத்தின் செயலாளர் என்ற முறையில் இதைப் பணிவோடு பதிவு செய்கிறேன்.

எங்கள் வீடுகளுக்குப் பின்னால் பன்னிரண்டு ஏக்கர் மேய்ச்சல் நிலம். ஒரு மூலையில் கிரிக்கெட் ஆடுவார்கள். மற்ற இடமெல்லாம் ஆர்லீன் யார்டின் பதினோரு செம்மறிகளுடையது. ஆர்லீன் பள்ளிச் சமையலறையில் வேலை பார்ப்பவர். நிலத்தின் ஓரத்தில், கழற்றி மாட்டக்கூடிய ஒரு மரப்பலகை வீட்டில் இருந்தார்.

அந்த நிலத்தில் நர்சுகளுக்கும் பேருந்து ஓட்டுநர்களுக்கும் மலிவு வீடுகள் வரப்போவதாக அறிவிப்புப் பலகை முளைத்ததும் சங்கம் கொதித்தெழுந்தது. மறு ஞாயிறே தேவாலய மண்டபத்தில், மீன் பஜ்ஜியோடு, அவசரக் கூட்டம்.

தலைவர் யூக்ளிட் கிட்டன்ஸ் சுங்க இலாகாவில் ஓய்வு பெற்றவர். பச்சைதான் நம் மூச்சு என்று தொடங்கினார். எல்லோரும் ஒருமுறை ஆழமாக மூச்சு விட்டோம். பிறகு ‘கவலைகள்’ பதிவாயின.

"ஏழைங்க மேல எனக்கு ஒண்ணும் கிடையாது," என்றார் திருமதி மார்செல் போவெல். "ஆனா அவங்க ஜன்னல்லேர்ந்து பார்த்தா எங்க கொடியில காயற துணியெல்லாம் தெரியும். அது அவங்களுக்குத்தானே சங்கடம்?"

நர்சுகள் சங்கடப்படக் கூடாது என்ற கருணையால் அதை முதலில் எழுதிக்கொண்டேன். ஒருவருக்குப் பாட்டுச் சத்தம் பற்றிக் கவலை. இன்னொருவருக்குக் கார் நெரிசல். எனக்கு, என் கார் நிற்கும் மரநிழல்.

ஆர்லீன் எழுந்தார். "நானும் அதுல ஒரு வீட்டுக்குப் பேர் குடுத்திருக்கேன். பாதி நிலத்துல கட்டட்டும். மீதிய ஆட்டுக்கும் ஆட்டத்துக்கும் விட்டுடச் சொல்லுங்களேன்."

கிட்டன்ஸ் மனுப் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்ல யோசனைதாம்மா. ஆனா இதுல கவலைக்குத்தான் கட்டம் இருக்கு. யோசனைக்கு இல்லையே."

‘பச்சையைக் காப்போம்’ என்று பச்சை மையில் தலைப்பிட்டு, எழுபத்து மூன்று கையெழுத்துகளோடு கட்டுமான நிறுவனத்துக்கு மனு போயிற்று.

ஏழு மாதம் கழித்து, அந்த நிறுவனத்தின் ‘மக்கள் தொடர்பு’ அதிகாரி ரிட்லி அதே மண்டபத்துக்கு வந்தார். எங்கள் கவலைகள் தன்னைத் தூங்கவிடவில்லை என்றார். மலிவு வீடுகள் கைவிடப்பட்டன. பதிலாக முப்பது மாளிகைகள். வாங்குபவர்கள் வெளிநாட்டில் இருப்பவர்கள். கிறிஸ்துமசுக்கு இரண்டு வாரம் மட்டும் வருவார்கள். எனவே சத்தமில்லை, நெரிசலில்லை. சுற்றிலும் பன்னிரண்டு அடி மதில். திருமதி போவெலின் துணியைக் கடவுளைத் தவிர யாரும் பார்க்க முடியாது. என் மரத்துக்காகக்கூட வரைபடத்தில் மதிலை வளைத்து வரைந்திருந்தார்கள்.

மண்டபம் கைதட்டியது. "இதுதான் மக்கள் சக்தி," என்றார் கிட்டன்ஸ், குரல் தழுதழுக்க.

"அப்போ புல்லு?" என்று கடைசி வரிசையிலிருந்து கேட்டார் ஆர்லீன்.

ரிட்லி நேர்மையானவர். மனுவை மறுபடி முழுக்கப் புரட்டினார். "ரெண்டு தடவை படிச்சோம்மா. தலைப்புல பச்சை இருக்கு. கவலைங்கள்ல புல்லைப் பத்தி யாரும் எழுதலையே."

அடுத்த மாதமே மதில் எழும்பியது. ஆர்லீன் ஆடுகளை விற்றார். ஒரு சனிக்கிழமை, வீட்டைப் பலகை பலகையாகக் கழற்றி லாரியில் ஏற்றினார். வடக்கே தங்கை ஊருக்குப் போவதாகச் சொன்னார்கள். நான் என் மரநிழலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கடைசி ஜன்னலைத் தூக்கும்போது உதவலாமா என்று கேட்டேன்.

"நீங்க ஏற்கெனவே செஞ்ச உதவி போதும், செயலாளரே," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் இன்னும் காதில் நிற்கிறது.

ஆண்டறிக்கையை நான்தான் எழுதினேன். ‘இத்திட்டத்தால் குடியிருப்போர் யாரும் இடம்பெயரவில்லை’ என்பது அதில் என் வாக்கியம். பொய் ஒன்றுமில்லை. ஆர்லீன் இருந்தது வாடகை நிலம். சொந்த நிலமில்லாதவர், எங்கள் சங்க விதிகளின்படி, ‘யாரும்’ அல்ல.