கண்படாத சோப்பு

அண்டாவில் இருந்தது இன்னும் ரசம் மாதிரியேதான் இருந்தது. காலையிலிருந்து கிண்டுகிறார் மனூசோஸ். துடுப்புப் பிடித்த கை தோளிலிருந்து கழன்று உள்ளே விழுந்துவிடும் போலிருந்தது. பழைய ஆலிவ் எண்ணெய், தண்ணீர், காஸ்டிக் சோடா, அடியில் விறகுத் தீ. இவையெல்லாம் சேர்ந்தால் சோப்பு என்று உலகமே ஒத்துக்கொண்டிருக்கிறது. அண்டா மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை.

"அர்கிரோ, இது கெட்டியாகவே மாட்டேங்குது."

சமையலறை ஜன்னலின் மரக்கதவு விரல் அளவு திறந்தது. அவர் மனைவி அர்கிரோவின் மூக்கும் மாவுக்கட்டுப் போட்ட வலது கையும் தெரிந்தன. ஆலிவ் பறிக்கும்போது ஏணியிலிருந்து விழுந்த கை.

"நான்தான் சனிக்கிழமை வரைக்கும் பொறுன்னு சொன்னேனே."

"சனிக்கிழமை உன் கட்டைப் பிரிச்சிடுவாங்களா?"

"இல்ல."

"அப்புறம் சனிக்கிழமை என்ன?"

"ஒண்ணுமில்ல. மனசுக்கு அப்படித் தோணுது."

ஜன்னல் சாத்திக்கொண்டது.

மனூசோஸால் பொறுக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை ரொட்டிக்கடை சீஃபிஸின் மகளுக்கு ஞானஸ்நானம். ஞானத்தகப்பன் மனூசோஸ். பிள்ளை இல்லாத மனிதர். தலை முழுக்க நரைத்த பிறகு முதன்முறையாக ஒருவன் வந்து, "மாமா, என் குழந்தையை நீங்கதான் தொட்டியிலிருந்து கையில ஏந்தணும்" என்று கேட்டான். அன்றிலிருந்து மனூசோஸின் செருப்பு தேயவில்லை. தரையில் பட்டால்தானே தேயும். குழந்தைக்கு ஒரு பெயர்கூட யோசித்து, யாரிடமும் சொல்லாமல், ராத்திரி தலையணைக்கு மட்டும் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் கிரீட் மலைப்பக்கத்தில் ஞானத்தகப்பன் கோயிலுக்கு ஒரு குப்பி எண்ணெயும் சோப்பும் கொண்டுபோக வேண்டும். இரண்டும் அவன் வீட்டில் உண்டானதாக இருக்க வேண்டும். கீழத்தெருக்காரன் ஒருவன் முன்னொரு காலத்தில் உறை போட்ட கடைச் சோப்பைக் கொண்டுவந்து நீட்டினான். அவனுக்கு 'உறைக்காரன்' என்று பெயர் வந்து, அவன் கழுதைக்கும் வந்து, அந்தக் கழுதை செத்த பிறகு வாங்கிய கழுதைக்கும் வந்தது.

இந்த நேரத்தில்தான் சீஃபிஸின் அக்கா எவ்தோகியா ரொட்டிக்கடையில், பத்துப் பேர் காதில் விழும்படி சொல்லியிருந்தாள். "வீட்டுச் சோப்பு இல்லாதவன் என் தம்பி குழந்தையைத் தொடக் கூடாது. என் கொழுந்தன் தயாரா இருக்கான்." ஊரிலேயே வெள்ளையான சோப்பு எவ்தோகியாவுடையது. அவள் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை.

மனூசோஸுக்குச் சோப்புக் காய்ச்சத் தெரியாது. எங்கள் ஊரில் எந்த ஆணுக்கும் தெரியாது. அண்டாவின் மேல் வெளிக்கண் பட்டால் சோப்பு திரிந்துவிடும். அதனால் சோப்பு நாளன்று வீட்டுக்கு வீடு ஜன்னலைச் சாத்தி, புருஷனைக் காபிக்கடைக்கு விரட்டிவிட்டுத்தான் பெண்கள் அடுப்பு மூட்டுவார்கள். பொழுது சாய்ந்து திரும்பினால் பலகையில் வில்லை வில்லையாக அடுக்கியிருக்கும். கல்யாணமான நாளிலிருந்து மனூசோஸ் பார்த்தது அவ்வளவுதான்.

"எண்ணெய்க்கு எவ்வளவு சோடா, அதையாவது சொல்லு" என்று ஜன்னலைத் தட்டினார்.

"கண்ணளவுதான்."

"எவ்வளவு நேரம் காய்ச்சணும்?"

"ஆகுற வரைக்கும்."

அப்போது மதில்மேல் ஒரு தலை முளைத்தது. அடுத்த வீட்டு சாம்பியா. அவள் கண் நீலக் கண். ஒரு தடவை அவள் பாராட்டிய பூசணிக்கொடி அன்று மாலையே வாடி, மறுநாள் வேரோடு எழுந்து ஊரைவிட்டே போய்விட்டது.

"என்ன மாமா, சோப்பா? நல்லா இருக்கே." சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "த்தூ, த்தூ, த்தூ. என் கண்ணு படல." மூன்றில் ஒன்று அண்டாவிலேயே விழுந்தது.

"பட்டாச்சு" என்றார் மனூசோஸ். "இனிமே எங்க கெட்டியாகும்?"

"உப்புப் போடுங்க. ஒவ்வொரு வருஷமும் நான் ரெண்டு கை போடுவேன். அப்புறம் பாருங்க, கல்லு மாதிரி வரும்."

மனூசோஸ் நான்கு கை போட்டார். அண்டாவில் இருந்தது திரிந்த பாலாயிற்று. மேலே கட்டி கட்டியாக, கீழே பழுப்புத் தண்ணீர்.

அன்றிரவு அவர் தூங்கவில்லை. அர்கிரோவும் தூங்கவில்லை. ஜன்னல் வழியாக மலைப்பாதையின் வளைவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன பாக்குற?"

"காத்து வாங்குறேன்."

வெள்ளிக்கிழமை பாதிரியாரின் மனைவி கல்லிரோயி வந்தாள். வாசலிலேயே கையால் கண்ணைப் பொத்திக்கொண்டு, விரல் இடுக்கு வழியாக அண்டாவை நன்றாகப் பார்த்தாள்.

"உப்புப் போட்டீங்களா? எந்தப் பைத்தியக்காரி சொன்னா?"

"சாம்பியா."

"அவ சோப்புல கை கழுவினா கை அழுக்காகும். எலுமிச்சம்பழம் பிழியணும் மாமா. எங்க வீட்டுல எப்பவும் அதான்."

"அர்கிரோ, எலுமிச்சை போடலாமா?"

ஜன்னல் விரல் அளவு திறந்தது. "போடலாம்" என்றது குரல். கொஞ்சம் கழித்து, "போடாமலும் இருக்கலாம்" என்றது.

மனூசோஸ் பிழிந்தார். மரத்திலிருந்த பழமெல்லாம் தீர்ந்து, பக்கத்து மரத்துக்கும் போனார். எண்ணெய் முழுவதும் பிரிந்து மேலே வந்து மிதந்தது. எண்ணெய், உப்பு, எலுமிச்சை. ஒரு கட்டுக் கீரையும் நாலு மீனும் இருந்தால் ஊருக்கே விருந்து வைக்கலாம் போல வாசனை. தெருவிலிருந்த பூனைகள் எல்லாம் வந்து வரிசையில் உட்கார்ந்தன.

"நாளைக்கு ஒரு நாள்தான் இருக்கு அர்கிரோ." மனூசோஸ் துடுப்பைக் கீழே வைத்தார். "எனக்குன்னு ஒருத்தன் வந்து கேட்டான். முதல் தடவையா."

அர்கிரோ கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். என்னவோ சொல்ல வாயெடுத்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். மூடிக்கொண்டாள்.

"தூங்கு. நாளைக்குச் சாயந்திரம் எல்லாம் சரியாகும்."

"எப்படி?"

"எப்படியோ."

சனிக்கிழமை மத்தியானத்துக்கு மேல் எவ்தோகியாவே வந்துவிட்டாள். பின்னால் சாம்பியா, கல்லிரோயி, இன்னும் ஊரில் எழுந்து நடக்க முடிந்த பெண்கள் அத்தனை பேரும். கண்படுவது பற்றி இப்போது யாரும் கவலைப்படவில்லை. அண்டாவிடம் கெடுவதற்கு எதுவும் மிச்சமில்லை.

எவ்தோகியா துடுப்பை வாங்கி முகர்ந்தாள். "எந்தப் பக்கம் கிண்டின?"

"ரெண்டு பக்கமும்."

"அதான் விஷயம். கடலைப் பார்த்த பக்கம் மட்டும் கிண்டணும்."

"நான் மலையைப் பார்த்துல்ல கிண்டுவேன்" என்றாள் சாம்பியா.

"அதான் உன் சோப்பு அந்த லட்சணத்துல இருக்கு. மனூசோஸ், காரம் பத்தல. சோடா டப்பாவை அப்படியே கவிழு. நான் உனக்கு வாய்ப்பே தரலைன்னு நாளைக்கு யாரும் சொல்லக் கூடாது பாரு."

"அவசரப்படாதீங்க எவ்தோகியா" என்றாள் அர்கிரோ. "சாயந்திரம் வரைக்கும்..."

மனூசோஸ் கவிழ்த்துவிட்டார். தீயையும் தூண்டிவிட்டார்.

அண்டா முதலில் ஏப்பம் விட்டது. பிறகு மூச்சு வாங்கியது. பிறகு எழுந்து நின்றது என்றுதான் சொல்ல வேண்டும். நுரை விளிம்பைத் தாண்டி, அடுப்பை அணைத்து, கொல்லைப்படலைத் தள்ளிக்கொண்டு தெருவில் இறங்கியது. கோழிகள் கூரை ஏறின. பூனைகள் வேறு ஊருக்குக் குடிபோயின. எங்கள் தெரு ஏணி மாதிரி செங்குத்து. அதில் அந்த நேரம் பார்த்துத் திருஷ்டி கழிக்கப் புனித நீரோடு மேலே ஏறிக்கொண்டிருந்தார் பாதிரியார். ஏறிக்கொண்டிருந்தவர் இறங்கத் தொடங்கினார். முகம் எங்களைப் பார்த்தபடி, கை ஆசீர்வதித்தபடி, வழியிலிருந்த எல்லா வீட்டையும் மந்திரித்துக்கொண்டே சதுக்கம் வரை வழுக்கிப்போய்க் காபிக்கடை நாற்காலி ஒன்றில் சரியாக உட்கார்ந்தார். சதுக்கத்தில் நடந்ததைப் பார்த்த எவரும் இதை மறுக்க மாட்டார்கள்.

பெண்கள் கூட்டம் சுவரைப் பிடித்துப் பிடித்துக் கீழே வந்தது. மனூசோஸ் காலி அண்டாவைக் கட்டிக்கொண்டு வந்தார். ஏன் கொண்டுவந்தார் என்று அவருக்கே தெரியாது.

"எல்லாரும் பாத்தாச்சு" என்றாள் எவ்தோகியா. "ஒரு சோப்புக் காய்ச்சத் துப்பில்லாத வீட்டை நம்பிப் பிள்ளையைக் குடுக்க முடியாது. சீஃபிஸ், என் கொழுந்தனுக்குச் சொல்லி அனுப்பு."

ரொட்டிக்கடை வாசலில் நின்ற சீஃபிஸ் அக்காவையும் மனூசோஸையும் மாறி மாறிப் பார்த்தான். அக்கா முன்னால் அவன் வாய் எப்போது திறந்திருக்கிறது.

"பேருகூட யோசிச்சு வச்சிருந்தேன்" என்றார் மனூசோஸ், அண்டாவைப் பார்த்து.

என்ன பேர் என்று யாரும் கேட்கவில்லை. அர்கிரோ மட்டும் நல்ல கையால் அவர் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

அப்போதுதான் மலைப்பாதையின் வளைவில் ஹார்ன் கேட்டது. வாரம் ஒரு முறை பட்டணத்திலிருந்து வரும் பஸ். அதுவரை சிலையாக நின்ற பெண்கள் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் அடுப்பில் வைத்த பால் ஞாபகம் வந்தது. சாம்பியா நகர்ந்தாள். கல்லிரோயி நகர்ந்தாள். எவ்தோகியா எல்லாரையும் விட வேகமாக நகர்ந்தாள். வழுக்குகிற தெருவில் எங்கே போவது. இரண்டடி ஏறி, மூன்றடி இறங்கி, நின்ற இடத்துக்கே வந்து நின்றார்கள்.

பஸ்ஸிலிருந்து இறங்கியவர் வழக்கமான டிரைவர் இல்லை. தொப்பை வைத்த புது ஆள். சதுக்கத்தில் நின்ற கூட்டத்தைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. பஸ்ஸின் வயிற்றுக் கதவைத் திறந்து, அட்டைப்பெட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து நடுத்தெருவில் அடுக்கினார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"மச்சானுக்குக் கால் சுளுக்கு, அதான் நான் வந்தேன். வீடு வீடாப் பின்வாசல்ல சத்தமில்லாம வச்சிட்டு வரணும்னு சொல்லிவிட்டாரு. நீங்கதான் எல்லாரும் இங்கேயே நிக்கிறீங்களே, கையோட வாங்கிக்குங்க: உறை பிரிச்ச சோப்பு, வீட்டுக்கு ஒரு பெட்டி, எவ்தோகியா அக்காவுக்கு மட்டும் வழக்கம்போல ரெண்டு."