மல்லாட்டையும் மணிமாறனும்

மல்லாட்டை என்று தட்டினால் கம்ப்யூட்டர் ஒன்றுமே இல்லை என்று கைவிரித்தது.

"போன வருசம் இங்கதான தம்பி டைப் பண்ணோம்? மல்லாட்டை வெதை மொளைக்கலன்னு மனு. இன்னிக்கு குறைதீர் கூட்டத்துல காட்டியாவணும்" என்றார் முகையூர் விவசாயி சுப்பராயலு.

விழுப்புரத்தில் மனு டைப் செய்து தரும் கடை விருத்தாசலத்துடையது. மனைவி ஆர்த்தியும் கூட உட்கார்ந்து டைப் செய்வாள். கம்ப்யூட்டரில் குவிந்து கிடக்கும் மனுக்களைத் தேட 'துழாவி' என்ற இலவச மென்பொருள் வைத்திருந்தார்கள். அதை யார் வேண்டுமானாலும் பிரித்துப் பார்த்துத் திருத்தலாம். திருத்தம் தேறினால் எல்லோருக்கும் போய்ச் சேரும். திருத்தியவர் பெயர் முகப்பில் வரும்.

அந்த முகப்புதான் விருத்தாசலத்தின் வயிற்றெரிச்சல். 'மணிமாறன், திண்டிவனம்' என்று அதில் போட்டிருந்தது. 'வீடு' என்று தேடினால் 'வீட்டை', 'வீட்டுக்கு' எல்லாம் வரும்படி, சொல்லின் வாலை நறுக்கிப் பார்க்கும் வித்தையைச் சேர்த்தவன் அவன். அன்றிலிருந்து ஆர்த்தி வாயைத் திறந்தால் மணிமாறன்தான். திண்டிவனம் அவள் பிறந்த ஊர் என்பது வேறு இவனை அரித்தது.

"நிலக்கடலைன்னு டைப் பண்ணியிருப்போங்க. நான் வேணா பாக்கட்டுமா?" என்றாள் ஆர்த்தி.

"நீ டைப் பண்ணிக்கினு இரு, போதும். நிலக்கடலைன்னு தேடுனா இவரு வேலை முடியும். என் பேரு எப்ப வர்றது?"

மல்லாட்டை என்றாலும் நிலக்கடலை என்றாலும் ஒன்றுதான் என்று விருத்தாசலம் துழாவிக்குச் சொல்லிக் கொடுத்தான். அதோடு விட்டிருக்கலாம். மணிமாறனை மிஞ்ச வேண்டுமே. வெறும் 'கடலை' என்பதையும் சேர்த்தான்.

துழாவி கடலையின் வாலை நறுக்கியது. கடல் ஆனது. மரக்காணம் மீனவர்களின் மனுக்கள் மொத்தமும் திரையில் வந்து நின்றன.

"எனக்கு எதுக்குப்பா வலையும் படகும்?" என்றார் சுப்பராயலு.

"பாத்தியா உன் மணிமாறன் லட்சணத்த?" என்று விருத்தாசலம் மகிழ்ந்தான். வாலை நறுக்கும் வித்தையையே பிடுங்கிப் போட்டான். இப்போது 'நிலக்கடலைக்கு', 'நிலக்கடலையை' என்று எழுதிய எதுவும் அகப்படவில்லை. துழாவி சேர்த்து வைத்த சொற்களையெல்லாம் அழித்துப் புதிதாகச் சேர்க்கச் சொன்னான். இந்தக் கம்ப்யூட்டரில் மனுவே கிடையாது என்றது அது.

"தம்பி, கூட்டம் ஆரம்பிச்சிருப்பாங்க."

ஆர்த்தி ஒரு சொம்புத் தண்ணீரை இவன் பக்கத்தில் வைத்துவிட்டு, செல்போனோடு உள்ளே போனாள். விருத்தாசலம் மானத்தை அடகு வைத்து, நடந்ததைத் துழாவியின் உதவிப் பக்கத்தில் எழுதினான். சற்று நேரத்தில் பதில் வந்தது.

'பதறாதீங்க. முதல்ல தண்ணியக் குடிங்க. கடலை, காலை, பாலை எல்லாம் முழுச் சொற்கள். வாலை நறுக்கினால் கடல், கால், பால் ஆகிவிடும். இவற்றை மட்டும் தொடாதபடி திருத்திவிட்டேன். இறக்கிக்கொள்ளுங்கள், அழிந்த சொற்களையும் அதுவே மறுபடி சேர்த்துக்கொள்ளும். மணிமாறன்.'

இறக்கினான். மனு வந்தது.

"யாருப்பா அந்த மணிமாறன்? நல்லா இருக்கணும்" என்று வாழ்த்தி, காகிதத்தை வாங்கிக்கொண்டு சுப்பராயலு ஓடினார். உள்ளிருந்து வந்த ஆர்த்தி முகமெல்லாம் சிரிப்பாக, "நான்தான் சொன்னேன்ல, தங்கமான ஆளு" என்றாள்.

அந்தச் சிரிப்பில் விருத்தாசலத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவன் தண்ணீர் குடித்தானா இல்லையா என்பதில் திண்டிவனத்தானுக்கு என்ன அக்கறை? தெருவுக்கு வந்து மாமியார் தையல்நாயகிக்குப் போன் போட்டான்.

"அத்தை, மறைக்காம சொல்லுங்க. உங்க ஊர்ல மணிமாறன்னு ஆர்த்திக்குத் தெரிஞ்சவன் எவன்?"

"நம்ம மணியா? இதோ வாசல்ல படுத்துக்கினு இருக்குது."

"உங்க வூட்டு வாசல்லயா? கூப்புடுங்க அவன. நான் பேசணும்."

"நாயோட என்னா பேசப் போறீங்க மாப்பிள்ளை? கம்ப்யூட்டர்ல அவ பேர்ல எழுதுனா உங்களுக்குப் பொறாமை வரும்னுதான, அது பேர்ல எழுதிக்கினு இருக்கிறா."