ஒரே நோயாளி, நான்கு குணம்

எங்கள் நாட்டில் பால்வினை நோயான மேகநோய் உள்ள எவனும் கல்யாணம் செய்துகொள்ள முடியாது. மாப்பிள்ளை, பெண் இருவரும் தமக்கு ஒட்டுநோய் இல்லை என்று சுகாதார நிலையத்தில் சான்றிதழ் வாங்கியே தீர வேண்டும். சட்டம் அவ்வளவு கண்டிப்பு.

என் அக்கா பத்தூலுக்குப் பார்த்த மாப்பிள்ளை லஹ்ஸனின் சான்றிதழை வாங்கப் போனது நான்தான். பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுச் சும்மா இருக்கிறேனாம். மாப்பிள்ளை அகாதிர் நகருக்கு லாரி ஓட்டிக்கொண்டு போயிருந்தார்.

“மாப்பிள்ளை எங்கே?” என்றார் குமாஸ்தா ஹாஜி பூஷ்தா.

“வரல.”

“ஆள் வராம எப்படிச் சோதிக்கிறது? சரி, நீ நாக்க நீட்டு.”

நீட்டினேன்.

“இருமல் இருக்கா?”

“எனக்கா, அவருக்கா?”

“வாயி நீளம். இருமல் இல்ல.”

முத்திரை விழுந்தது. லஹ்ஸன் சகல ஒட்டுநோய்களும் நீங்கப்பெற்ற திருமேனியர் ஆனார்.

கல்யாணமான மூன்றாம் மாதம் அக்கா கர்ப்பம். கர்ப்பிணிகளுக்கு மட்டும் நிஜமாகவே ரத்தம் எடுப்பார்கள். மேகநோய் என்று வந்தது.

“பயப்படாதே, ஊசி போட்டா சரியாயிடும்” என்றாள் நர்ஸ் ஸஃபூரா. “ஆனா வீட்டுக்காரருக்கும் போடணும். இல்லேன்னா திரும்ப ஒட்டும். பிள்ளைக்கும் போகும்.”

லஹ்ஸன் சான்றிதழைத் தூக்கிக் காட்டினார். “எனக்கு ஒண்ணுமில்லன்னு அரசாங்கமே சொல்லுது. நீ அரசாங்கத்தை விடப் பெரியவளா?”

நான் ஹாஜியிடம் ஓடினேன். “அந்தச் சான்றிதழ் பொய். நீட்டினது என் நாக்கு.”

“கோப்புல ஆரோக்கியம்னு இருக்கு, மகளே. ஆரோக்கியமானவனுக்குப் போட்டா ஊசி வீண். நோயாளின்னு எழுதினா கோப்பு வீண். எது வீணாகலாம், நீயே சொல்லு.”

“எங்கக்கா வீணாகலாமா?”

“அவளுக்குத்தான் போடுறோமே!”

போட்டார்கள். குணமானது. பதிவேட்டில் ‘குணம்: ஒன்று’. லஹ்ஸன் லாரியை விட்டு இறங்கி வீட்டுக்கு வந்தார். மறுபடி ஒட்டியது. மறுபடி ஊசி. ‘குணம்: இரண்டு’. எட்டாம் மாதத்துக்குள் என் அக்கா நான்கு முறை குணமாகிவிட்டாள்.

மாவட்டத்திலேயே மேகநோயை அதிகம் குணப்படுத்திய நிலையம் என்று எங்கள் பேட்டைக்கு விருது வந்தது. பந்தல், புதினாத் தேநீர், எல்லார் சட்டையிலும் ரிப்பன். ரிப்பன் குத்தாதவனுக்கு விழிப்புணர்வு இல்லையாம். மாவட்டச் சுகாதார இயக்குநர் இருபது செல்ஃபி எடுத்த பிறகு பேசினார்.

“நமது பேட்டையின் ஆண்களிடையே இந்நோய் அறவே இல்லை என்பதைப் பெருமையுடன் தெரிவித்துக்கொள்கிறேன். சிகிச்சைக்கு ஒருவர்கூட வரவில்லை!”

ஆண்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். லஹ்ஸன் விசிலடித்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. “உங்க கணக்குல நாலு குணம் ஒரே பொம்பள! புருஷனுக்கு ஊசி போடாம அவளையே குத்திட்டிருக்கீங்க. பிள்ளை செத்தா அதையும் குணம்னு எழுதுவீங்களா?”

“உட்காருடி, மானங்கெட்டவளே!” என்று ரொட்டிக்கார ஹலீமா கத்தினாள். அம்மா குலவையிட ஆரம்பித்தாள். பெண்களெல்லாம் சேர்ந்துகொண்டார்கள். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

மறுநாள் காலை ஐந்தாவது ஊசிக்கு அக்காவைக் கூட்டிப் போனேன். எங்களுக்கு முன்னால் அதே ஊசிக்குப் பதினோரு பெண்கள், முக்காட்டை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு. நேற்றுக் குலவையிட்ட அதே வாய்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. ஹாஜி கதவிடுக்கில் எட்டிப் பார்த்து எண்ணினார். முகம் நிலாவாயிற்று.

அக்கா ஊசி போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு என்னிடம் சொன்னாள்: “பிள்ளை பொறக்கிற வரைக்கும் அந்த வீட்டுக்குப் போகமாட்டேன்டி.”

அவ்வளவுதான். ஊசி போட்டுக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்த பதினோரு முக்காடும் ஒரே சமயத்தில் விலகின.

“திடமா, நோய்நொடி இல்லாம இருக்கிற புருஷனை விட்டுட்டு வர எப்படிடி மனசு வருது உனக்கு?” என்றாள் ஹலீமா, ஊசி குத்திய இடத்தைத் தேய்த்துக்கொண்டே.